உப்புத் தீவுப் பிள்ளைகள்

அந்த வீட்டில் பிறந்தது இரண்டு பெண்கள். மூத்தவள் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். இளையவளை எல்லாரும் சின்னவள் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்; தலைமுடி நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அவளுக்கு வேலை தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் குழந்தைகள் பிரிவில். பழைய பொம்மைப்படத் தொடர்களை மறுபடி ஒளிபரப்புவதற்கு முன்னால் ஒன்று விடாமல் பார்த்து, எங்கே படத்தில் கீறல், எங்கே சத்தம் விட்டுப் போகிறது, எங்கே வாயசைவு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாக ஓடுகிறது என்று சொல்ல வேண்டும்.

"சம்பளமும் குடுத்து கார்ட்டூனும் காட்டறாங்க. எங்கயோ மச்சம் இருக்கு உனக்கு" என்று அத்தான், அதாவது அக்காவின் புருஷன், பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பகல் முழுக்கக் கிரீஸும் இருட்டும்தான் அவருக்கு.

கல்யாணம் செய்துகொள்ளாத சின்னவளிடம் உறவுக்காரர்கள் வேறு எதற்கும் யோசனை கேட்டதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு என்ன போட்டுக் காட்டலாம் என்றால் மட்டும் அவளைத் தேடி வருவார்கள். அவளும் டாக்டர் மாதிரி வயசு, தூக்கம், பயம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மருந்து எழுதிக் கொடுப்பாள். "தனியா தூங்க பயப்படறானா? அப்போ டிராகன் வேண்டாம். கரடிக்குட்டி போதும், சாப்பாட்டுக்கு அப்புறம்."

அந்த வருஷம் பள்ளி விடுமுறை தொடங்கியதும் அக்கா கூப்பிட்டாள். பின்னணியில் இரண்டு பிள்ளைகளும் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகளுக்குப் பதினொரு வயது. வாய் ஓயாமல் பேசுவதால் மைனா. தம்பிக்கு எட்டு வயது. யார் கையையாவது பிடித்துக்கொண்டேதான் நடப்பான், பிடித்தால் விடமாட்டான், அதனால் நண்டு.

"ஃபோனுக்காக ரெண்டும் மண்டைய உடைச்சுக்குதுங்க. எனக்குப் பகல் ஷிஃப்ட். அவருக்கும் வேலை. ஏதாவது நல்லதா, நீளமா ஒண்ணு சொல்லு. வாசப்படி தாண்டாம உட்கார்ந்து பாக்கணும், அவ்வளவுதான்."

சின்னவள் யோசிக்கவே இல்லை. "உப்புத் தீவுப் பிள்ளைகள் போடு" என்றாள்.

அவள் பார்த்த நூற்றுக்கணக்கான தொடர்களில் அதுதான் அவளுக்கு உயிர். பழைய காலத்துப் படம், கையால் வரைந்தது. ஐந்து பிள்ளைகள் ஓட்டைப் படகு ஒன்றில், கடலில் மூழ்கிய தீவின் புதையலைத் தேடிப் போவார்கள். பெரியவர்களுக்கு அதில் 'கரைக்காரர்கள்' என்று பெயர். புரியாதவர்கள், தடுப்பவர்கள், புதையல் என்றதும் பிடுங்கிக்கொள்பவர்கள். ஒவ்வொரு பயணம் தொடங்கும்போதும் ஐந்து பேரும் கைமேல் கை வைத்து, 'கரைக்காரருக்குச் சொல்ல மாட்டோம்' என்று சத்தியம் செய்வார்கள். அந்தக் காட்சியில் வரும் கடல் நீலம் வேறெந்தப் படத்திலும் அவள் பார்த்ததில்லை. நிலையத்திலிருந்து ஒரு பிரதி எடுத்து அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் பாகத்தை மூன்று பேருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். நண்டு அவள் மடியில் ஏறி, அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே பார்த்தான்.

"சித்தி, புதையல் நிஜமாவே இருக்குமா?"

"தேடறவங்களுக்கு இருக்கும்" என்றாள். அப்படித்தான் யாரும் சொல்வார்கள்.

மருந்து வேலை செய்தது. இரண்டு வாரம் வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. அக்கா போனில், "கோயில் கட்டலாம் உனக்கு" என்றாள்.

அக்கா குடியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் பெயிண்ட் தொழிற்சாலை ஒன்று பல வருஷமாக மூடிக் கிடந்தது. மதிலில் ஓர் இடத்தில் செங்கல் பெயர்ந்து, பிள்ளைகள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. உள்ளே தரைக்கு அடியில் ஒரு தொட்டி. மேலே துருப்பிடித்த தகரம் போட்டு மூடியிருந்தார்கள். யாரும் பார்க்காத இடம், யாருக்கும் நினைவில்லாத தொட்டி. மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி ஆள் மூழ்கும் ஆழத்துக்கு நின்றது.

சின்னவளுக்குச் சேதி வந்தபோது அவள் அலுவலகத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். அத்தானின் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நண்டைக் காணோம்" என்றார். அவள் போய்ச் சேர்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மதிலுக்கு வெளியே கூட்டம் நின்றது. தீயணைப்புக்காரர்கள் ஒரு போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போர்வைக்குள் இருந்தது இத்தனை சின்னதா என்று அவளுக்குத் தோன்றியது. அக்கா கத்தவில்லை. வேலைக்கூடத்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல், தரையில் உட்கார்ந்து, அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். யார் தூக்கியும் எழுந்திருக்கவில்லை.

மைனா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தன.

அடக்கம் முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லாரும் முன்னறையில் அடைந்து கிடக்க, சின்னவள் மைனாவைத் தேடினாள். துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தாள். சின்னவளும் பக்கத்தில் எப்படியோ தன்னை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மைனாவே பேசினாள். சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவன் உடனே சாகலை, சித்தி."

சின்னவள் அவள் பக்கம் திரும்பினாள். "என்னம்மா சொல்றே?"

"புதையல் தேடித்தான் போனோம். தகரம் உடைஞ்சு விழுந்துட்டான். ஒரு பைப்பைப் பிடிச்சிக்கிட்டு இருந்தான். கை எட்டலை. அம்மாகிட்ட சொல்லாதே, அடிப்பாங்க, நீயே கயிறு கொண்டுவான்னு சொன்னான். சத்தியம் பண்ணியிருக்கோம்ல, கரைக்காரங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு. நான் வீட்டுக்கு ஓடிவந்து துணி காயப்போடற கயித்தை அவுத்தேன். படியில கீழ்வீட்டு ஆன்ட்டி வந்தாங்க. கயிறு எதுக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"விளையாடறதுக்குன்னு சொன்னேன்."

அவள் அதைச் சொன்னபோது குரலில் அழுகைகூட இல்லை. மீதியையும் சொன்னாள். கயிற்றைப் போட்டாள். அவன் ஒரு கையால் பிடித்தான், வழுக்கிவிட்டது. மறுபடி போட்டாள். அதற்குள் அவன் கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு, டிவி முன்னால் உட்கார்ந்தாள். அம்மா வந்து தம்பி எங்கே என்று கேட்டதும், கீழே விளையாடுகிறான் என்றாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா இதை?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா..." அதற்குமேல் வரவில்லை.

சின்னவள் பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மரக்கட்டையை அணைத்த மாதிரி இருந்தது. கீழ்வீட்டுக்காரி அந்த நேரம் முன்னறையில்தான் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு டீ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி. அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் என்ற நினைப்பு சின்னவளுக்கு வந்தது. அக்காவுக்கு இந்த நினைப்பு வரவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுப்பது மாதிரி நடந்துபோன ஒன்று.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். முரட்டு ஆள் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். தொட்டிப் பக்கத்தில் கிடந்த கயிறு இந்த வீட்டுக் கொடிக்கயிறுதானா என்று கேட்டார். ஆமாம் என்றார் அத்தான்.

"கீழ்வீட்டம்மா, பொண்ணு கயித்தோட போனதைப் பாத்ததா சொல்றாங்க. தனியா போனாளாம். பையன் கூட இல்லையாம்." மைனாவின் பக்கம் திரும்பினார். "அப்போ தம்பி எங்கே இருந்தாம்மா?"

மைனாவின் முகம் வெளிறியது. அக்கா, சுவரில் சாய்ந்திருந்தவள், மெல்லத் தலையைத் தூக்கினாள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாள்.

"நான்தான் சார் கயிறு கொண்டுபோகச் சொன்னேன்" என்றாள் சின்னவள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"படத்துல அப்படித்தான் வரும். புதையல் தேடப் போனா கயிறு வேணும். பின்னாடி அந்தத் தொழிற்சாலை இருக்கே, அங்க தேடிப் பாருங்கன்னு நான்தான் பேச்சுவாக்குல சொன்னேன். தம்பி முன்னால போயிருப்பான், இவ கயித்த எடுத்துக்கிட்டுப் பின்னால போயிருக்கா. இவ போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. பயத்துல சொல்லலை. சின்னப் பிள்ளைதானே."

பொய் அத்தனை சரளமாக வந்தது. பல வருஷமாக அடுத்தவர் வாயசைவுக்குப் பேச்சுப் பொருந்துகிறதா என்று பார்த்தவள். இதில் எங்கும் விட்டுப்போகவில்லை. இன்ஸ்பெக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நம்பினாரா இல்லையா என்று சொல்ல முடியாது. அவரும் பிள்ளைகுட்டிக்காரராக இருந்திருக்கலாம். "பெரியவங்க பேசறதுக்கு முன்னாடி யோசிக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் படி இறங்கும் சத்தம் கேட்கும்வரை அக்கா பொறுத்தாள்.

"நீயா அனுப்பினே?"

"அக்கா..."

"வாசப்படி தாண்டாம இருக்கணும்னுதானேடி உன்கிட்ட கேட்டேன்? அதுக்குத்தானே கேட்டேன்?"

அக்கா எழுந்து வந்து சின்னவள் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அத்தான் தடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உனக்கு. போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே. என் பொண்ணு பக்கம் வராதே." கதவு வரை அவளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சின்னவள் கடைசியாகப் பார்த்தது மைனாவைத்தான். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். அவள்தான் பிள்ளையைப் புதையல் தேட அனுப்பினாள் என்று உறவு முழுக்கப் பரவியது. இத்தனை வருஷம் யோசனை கேட்டவர்கள் அவள் எண்ணையே மறந்துபோனார்கள். ஒரு கல்யாண வீட்டில், அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்துபோனாள். சின்னவளுக்கு அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு தடவையும், பரவாயில்லை, இது அந்தப் பிள்ளைமேல் விழ வேண்டிய அடி என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தில்தான் சோறு இறங்கியது. அலுவலகத்தில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு, செய்திப்படங்களுக்குச் சத்தம் சரிபார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளம், விபத்து, கட்டடம் இடிந்தது. அதில் யாரும் புதையல் தேடவில்லை.

ஒரே ஒரு தடவை மனசு கேட்காமல் மைனாவின் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். எதிர்ப்புறத்தில், மரத்தடியில் நின்றாள். மணி அடித்ததும் பிள்ளைகள் மந்தையாக வெளியே வந்தார்கள். மைனா தனியாக வந்தாள். வளர்ந்திருந்தாள், பாதியாக இளைத்தும் இருந்தாள். சித்தியைப் பார்த்துவிட்டாள். ஓடிவருவாள் என்று சின்னவள் ஒரு கணம் நினைத்ததும் உண்மை. பிள்ளையோ பேயைக் கண்டது மாதிரி முகம் வெளுத்து, புத்தகப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஓடிவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் சின்னவளுக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் உறைத்தது. உலகத்திலேயே அந்தப் பிள்ளை செய்தது தெரிந்த ஒரே ஆள் அவள். அவளைப் பார்த்தால் பிள்ளைக்கு வேறென்ன ஞாபகம் வரும்?

நண்டு இறந்து ஒரு வருஷம் ஆகப்போகும் சமயத்தில், ஒரு நாள் மதியம், அலுவலக வரவேற்பறையில் யாரோ காத்திருப்பதாகச் சொன்னார்கள். சின்னவள் இறங்கி வந்தாள். அக்கா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பெரும்பாலும் வெளுத்திருந்தது. கைகள் சலவை மருந்தில் வெடித்து, விரலிடுக்கெல்லாம் சிவந்திருந்தன. சின்னவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எதிரில் இருந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

"சொல்லிட்டா" என்றாள்.

சின்னவள் உட்கார்ந்தாள்.

"நேத்து சாப்பிட உட்கார்ந்தப்ப உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். எப்பவும் திட்டறதுதான். அவளாலதான் என் பிள்ளை போனான்னு. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சு, 'சித்தி இல்லை, நான்'னா. எல்லாத்தையும் சொன்னா. கயிறு, கீழ்வீட்டம்மா கேட்டது, கால் கழுவினது."

வரவேற்பறைத் தொலைக்காட்சியில் யாரோ சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உன்கிட்ட அப்பவே சொல்லிட்டாளாமே."

"ஆமாக்கா."

"அவன் கூப்பிட்டானாமே. எவ்வளவோ நேரம் கூப்பிட்டானாம். என்ன சொல்லிக் கூப்பிட்டான்னு கேட்டா, அதுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறா. உனக்குத் தெரியுமா?"

சின்னவளுக்குத் தெரியும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது பிள்ளை அதையும் சொல்லியிருந்தது. அம்மா என்று கூப்பிட்டான் என்று சொன்னால் அக்காவுக்கு ஒரு பிடிமானமாக இருக்குமோ என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அக்காவின் கண்ணைப் பார்த்தாள். அங்கே பொய்க்கு இடமில்லை.

"அக்கான்னு கூப்பிட்டிருக்கான். அது மட்டும்தான்."

"என்னைக் கூப்பிடலையா?"

"இல்லைக்கா."

அக்கா தலையை மெல்ல ஆட்டினாள். வெடித்த கைகளை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். அழுவாள் என்று சின்னவள் நினைத்தாள். அழவில்லை. பேசத் தொடங்கியபோது குரல் மட்டும் தேய்ந்திருந்தது.

"நீ எதுக்குச் செஞ்சேன்னு புரியுது. எனக்கு நல்லது பண்றதா நினைச்சே. ஆனா ஒரு வருஷம்டி. ஒரு வருஷமா அந்தப் பிள்ளை என் பக்கத்துலதான் படுத்திருந்தா. அவன் கூப்பிட்டதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு. நான் உன்னைத் திட்டித் திட்டி என் நெஞ்சு ஆறிக்கிட்டு இருந்தேன். அவளுக்கு யார் இருந்தா? சொல்லக்கூடாதுன்னு ஒரு கார்ட்டூன் சொல்லிக்குடுத்துச்சு. அதைத்தானே நீயும் சொல்லிக்குடுத்தே?"

அன்று கன்னத்தில் வாங்கிய அறைகளைவிட இது பலமாக விழுந்தது. சின்னவள் இத்தனை நாள் தான் தாங்கிக்கொண்டிருந்ததாக நினைத்த பாரத்தை ஒரு துளிகூடத் தாங்கவில்லை என்று தெரிந்தது. அவள் ஏற்றுக்கொண்டது பழியை மட்டும்தான். சுமை இருந்த இடத்திலேயே இருந்தது, பதினொரு வயதுத் தோளில்.

"உனக்குத் தெரிஞ்சா அவளை வெறுத்துடுவியோன்னு பயந்தேங்கா" என்றாள்.

"நேத்து ஒரு நிமிஷம் வெறுத்தேன்" என்றாள் அக்கா. மறைக்கவில்லை. "கை ஓங்கினேன். கண்ணை மூடிக்கிட்டு, அடிக்கட்டும்னு நின்னா. எத்தனை நாளா அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாளோ தெரியலை. அப்புறம் எப்படி அடிப்பேன்? பிடிச்சுக்கிட்டேன். விடியறவரை ரெண்டு பேரும் விடலை."

வரவேற்பாளர் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா ஒரே மூச்சில் குடித்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலை" என்றாள் டம்ளரைக் கீழே வைத்து. "அது எப்போ வருமோ, வராதோ. எங்க ஆஸ்பத்திரியிலயே பிள்ளைங்க மனசுக்குப் பாக்கற டாக்டரம்மா இருக்காங்க. இன்னைக்குக் காலையில போய்க் கேட்டேன். கூட்டிட்டு வான்னாங்க. அவ வரமாட்டேங்கறா. சித்தியும் வந்தாத்தான் வருவேங்கறா. உன்கிட்ட மொதல்ல சொன்னதால, நீ பக்கத்துல இருந்தா மறுபடி சொல்ல முடியும்னு சொல்றா."

"இப்பவா?"

"வேன்ல உட்கார்ந்திருக்கா, அப்பாவோட."

சின்னவள் மேலே போய்ப் பையை எடுத்துவரக்கூட இல்லை. வெளியே வெயிலில் கண் கூசியது. லிஃப்ட் கம்பெனியின் வேன் மதிலோரமாக நின்றிருந்தது. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். மைனா ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சின்னவள் அவள் பக்கத்திலும் அக்கா முன்னாலும் ஏறி உட்கார்ந்ததும் வேன் கிளம்பியது.

அந்த மருத்துவமனைக்கு அவர்கள் அதன்பிறகு எத்தனையோ தடவை போக வேண்டியிருந்தது. சில நாள் பிள்ளை பேசும், பல நாள் பேசாது. அக்கா சின்னவளிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரணும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்வாள். ஆனால் அன்றைக்கு, வேனில், பாதி வழி போனபிறகு, மைனா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணுமா சித்தி?"

"எல்லாத்தையும் சொல்லு."

"உங்களுக்கு மறுபடி கேக்கக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்" என்றாள் சின்னவள். "நீ சொல்லு."